வீட்டில் கட்டிய விமானத்தில் ஒயில் சூடு ஏறினால்: பெரிய கூலர் வாங்குவதற்கு முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு ஆனி மாதம் அவுஸ்திரேலியாவிலிருந்து மட்டக்களப்புக் கல்லடிக்கு விடுமுறையில் வந்த என் மருமகன், பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குச் சொக்கலேற்றைக் கொடுத்த கையோடு, துணியில் சுற்றியிருந்த இரண்டு உலோகப் பாகங்களையும் ஒரு கொப்பியையும் என் முன்னால் வைத்தார். அங்கே தன் வீட்டுக் கராஜில் ஆறு ஆண்டுகள் செலவிட்டுத் தானே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தின் ஒயில் வெப்ப சென்சர் ஒன்று. வேர்னாதேர்ம் எனப்படும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு மற்றையது. கொப்பியில் நாற்பது பறப்புகளின் கணக்கு இருந்தது. "மாமா, பெரிய கூலர் ஒன்றுக்குக் காசு கட்டப்போறன். அதுக்கு முதல் நீங்க ஒருக்கா பாருங்க" என்றார்.

வளைகுடா நாடொன்றில் சிறு விமானங்களின் பராமரிப்புக் கொட்டகையில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில், ஒயிலைக் காற்றினால் குளிர்விக்கும் கூலரைப் பெரிதாக்கும் அந்த முடிவை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒயில் கொதிக்கிறது, ஆகவே கூலர் சிறிது என்று மனம் உடனே சொல்லிவிடுகிறது. ஆனால் காட்டப்படும் சூடு உண்மையானதா, அந்த ஒயில் கூலருக்குள் போகிறதா, கூலருக்கூடாகக் காற்றுப் போகிறதா என்ற மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேட்டு முடிக்காமல் கூலரை மாற்றினால், பழைய குறைகள் எல்லாம் புதிய கூலரோடும் அப்படியே இருக்கும். மருமகனின் விமானத்தை வைத்தே அந்த வரிசையை இங்கு விளக்குகிறேன். அதில் இருப்பது லைகமிங் ஓ-320 வகையைச் சேர்ந்த, காற்றினால் குளிர்விக்கப்படும் நான்கு சிலிண்டர் எஞ்சின். வேறு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுதான். எண்கள் மட்டும் மாறும்.

எவ்வளவு சூடு அதிக சூடு?

முதலில் உங்கள் எஞ்சினின் கைநூலை எடுத்து எல்லையைப் பாருங்கள். லைகமிங் ஓ-320 இன் உச்ச எல்லை 245 பாகை பாரன்ஹைட், அதாவது 118 பாகை செல்சியஸ். அது விரும்பும் சூடு 82 பாகை செல்சியஸ். கொன்ரினென்ரல் ஓ-200 இன் எல்லை இதைவிடக் குறைவு, 107 பாகை. ரோட்டக்ஸ் 912 யூஎல்எஸ் 130 வரை தாங்கும் என்றாலும், அதன் வழக்கமான வேலைச் சூடு 90 க்கும் 110 க்கும் இடைப்பட்டது. ஆகவே 105 என்ற ஒரே எண், ஓர் எஞ்சினுக்கு இயல்பாகவும் இன்னொன்றுக்கு எச்சரிக்கையாகவும் இருக்கலாம். நண்பரின் விமானத்தில் காட்டும் எண்ணோடு உங்களுடையதை ஒப்பிடுவதற்கு முன் இதை நினைவில் வைத்திருங்கள்.

குறைந்த சூடும் நல்லதல்ல. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பங்கு பிஸ்ரன் வளையங்களைக் கடந்து ஒயிலோடு கலக்கிறது. ஒயில் போதிய சூட்டுக்கு வராவிட்டால் அந்த நீர் வெளியேறாமல் தங்கி, அமிலமாகித் தண்டுகளைத் துருவாக்கும். எனவே நம் நோக்கம், வெயில் நாளிலும் குளிர் நாளிலும் ஒயிலை ஒரு நியாயமான வீச்சுக்குள் வைத்திருப்பதாகும்.

பறக்கும்போதே சூடு ஏறினால் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆராய்ச்சி எல்லாம் தரையில்தான். ஒயில் அமுக்கமானியை உடனே பாருங்கள். சூடு ஏறும்போது ஒயில் இளகுவதால் அமுக்கம் சற்றுக் குறைவது இயல்பு. ஆனால் சூடு ஏற ஏற அமுக்கம் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தால், ஒயில் எங்கோ வெளியேறுகிறது அல்லது பெயாரிங் ஒன்று அழிகிறது என்றே எடுத்துக்கொண்டு, கிட்டிய இடத்தில் இறங்குங்கள். அமுக்கம் நிலையாக இருந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டி, வலுவைக் குறைத்து, எரிபொருள் கலவையைச் செறிவாக்கி, சூடு இறங்குகிறதா என்று பார்த்தபடி திரும்பி வாருங்கள். முள் ஒரு கணத்தில் இருபது பாகை பாய்ந்தால் அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. ஆறேழு லீற்றர் ஒயில் ஒரு விநாடியில் அவ்வளவு சூடாக முடியாது. ஆனாலும் இறங்கிய பின்னரே அதை உறுதி செய்யுங்கள்.

முதலாவது படி: கொப்பியும் ஒரு கழித்தல் கணக்கும்

மருமகன் ஒவ்வொரு பறப்பிலும் ஒயில் சூட்டோடு வெளிக்காற்றின் வெப்பநிலையையும், வேகத்தையும், நான்கு சிலிண்டர் தலைகளின் சூட்டையும் எழுதியிருந்தார். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் முதல் வேலையாக அதைத் தொடங்க வேண்டும். பத்துப் பறப்புகளின் கணக்கு இல்லாமல் ஸ்பனரைக் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு எளிது. ஒயிலின் சூட்டிலிருந்து வெளிக்காற்றின் சூட்டைக் கழியுங்கள். அவருடைய கொப்பியில் 12 பாகைக் குளிர்காலக் காலையில் ஒயில் 96, வித்தியாசம் 84. 34 பாகைக் கோடை நாளில் ஒயில் 118. வித்தியாசம் அதே 84. இதை வட்டமிட்டுக் காட்டியபோதுதான் அவருக்கும் புரிந்தது. வெப்பக் கட்டுப்பாடு ஒழுங்காக இயங்கி, கூலரிடம் இன்னும் மிச்ச வலு இருந்தால், வெளியே 12 ஆனாலும் 25 ஆனாலும் ஒயில் ஏறத்தாழ ஒரே சூட்டில் நிற்க வேண்டும். வெளிக்காற்று ஏறிய அளவுக்கே ஒயிலும் ஏறினால், குளிர்விக்கும் ஏற்பாடு தன் முழு வலுவையும் ஏற்கனவே செலவழித்துவிட்டது என்று பொருள். குளிர்காலத்தில் 96 என்பதைப் பார்த்து அவர் நிம்மதியாக இருந்தார். உண்மையில் குறை அப்போதே இருந்தது.

எங்கள் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். ஆனி, ஆடியில் மலைநாட்டைத் தாண்டி வரும் கச்சான் காற்று வீசும்போது மட்டக்களப்பில் நிழலிலேயே 35, 36 பாகை வந்துவிடும். விமானவியலின் நியமக் கணக்குகள் எல்லாம் கடல் மட்டத்தில் 15 பாகை என்ற காற்றை வைத்தே எழுதப்பட்டவை. வலையிறவுப் பாலத்துக்கு அப்பால், திமிலைதீவில் இருக்கும் எங்கள் விமான ஓடுபாதை கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் கிடக்கிறது. ஆனால் கச்சான் பகலில் அங்குள்ள காற்று அந்த நியமத்தைவிட இருபது பாகை சூடானது, அதனாலேயே ஏறத்தாழ நூற்றுக்கு ஆறேழு பங்கு அடர்த்தி குறைந்தது. அந்த 15 பாகைக் காற்றில் 95 காட்டும் ஏற்பாடு இங்கே 115 காட்டும். எங்கள் பக்கத்தில் என்றாவது ஒரு பிள்ளை சிவில் விமான அதிகாரிகளின் அனுமதியோடு இப்படி ஒன்றைக் கட்டினால், இந்த இருபது பாகையை முதல் நாளே கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது படி: முள் உண்மை சொல்கிறதா?

கடல் மட்டத்தில் கொதிக்கும் நீர் 100 பாகை. நுவரெலியாவில் அது சுமார் 94 இலேயே கொதித்துவிடும். கல்லடியில் அந்தக் கவலை இல்லை. இனிச் சமையலுக்கு எடுக்கக் கூடாத பழைய அலுமினியச் சட்டி ஒன்றை வீட்டில் கேட்டு வாங்கினோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது, சென்சரைக் கம்பியில் கட்டி, சட்டியின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி முனையை மட்டும் அமிழ்த்தி, மல்ரிமீற்றரால் அதன் மின்தடையை அளந்தோம். பிறகு ஐஸ் நிறைத்த தண்ணீரில் 0 பாகைக்கும் அளந்தோம். இரண்டு அளவுகளும் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒத்துப்போயின. சென்சரில் குறை இல்லை.

ஆனால் சென்சர் சரி என்பதால் முள்ளும் சரி என்று ஆகிவிடாது. கொப்பியின் ஓரத்தில் மருமகன் சிறிய எழுத்தில், "இறங்கு விளக்கைப் போட்டால் ஒயில் சூடு 6 கூடுகிறது" என்று எழுதியிருந்தார். விளக்குக்கும் ஒயிலுக்கும் என்ன உறவு? எஞ்சின் உடலுக்கும் கருவிப் பலகைக்கும் இடையிலான ஏர்த் இணைப்பு பலவீனமாக இருந்தால், வேறொரு கருவி மின்னோட்டத்தை இழுக்கும்போது அந்த இணைப்பில் சிறிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். ஏர்த்தை எஞ்சின் உடலின் வழியே எடுக்கும் சென்சர் அதைச் சூடாகவே அறிவிக்கும். பகலில் அவர் பெரும்பாலும் அந்த விளக்கைப் போட்டபடியே பறந்திருக்கிறார். ஆகவே 118 இல் 6 பாகை வெறும் பொய்க் கணக்கு. ஏர்த் வயரின் இரு முனைகளையும் கழற்றி, பெயின்ற் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிய இறுக்குவதே மருந்து.

சென்சர் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். லைகமிங்கில் அது கூலரைக் கடந்து எஞ்சினுக்குள் திரும்பும் ஒயிலையே அளக்கிறது. ஒயில் தொட்டியில் கிடப்பது அதைவிடச் சூடானது. தொட்டியில் சென்சர் வைத்த ஒருவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் நொந்துகொள்ள வேண்டாம்.

மூன்றாவது படி: ஒயில் மட்டுமா, சிலிண்டர்களுமா?

கொப்பியில் சிலிண்டர் தலைகளின் சூட்டையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான். சிலிண்டர்களும் ஒயிலும் சேர்ந்து சூடானால், எஞ்சின் உறைக்குள் வரும் மொத்தக் காற்றே போதவில்லை, அல்லது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூட்டை உண்டாக்குகிறது. தீப்பொறி முன்கூட்டியே விழுவதும் கலவை மெலிந்திருப்பதும் அங்கே சந்தேகத்துக்குரியவை. ஆகவே தீப்பொறியைத் தரும் மக்னெற்றோவின் ரைமிங்கை எஞ்சினின் தகட்டில் பொறித்த பாகையோடு சரிபார்க்க வேண்டும். சிலிண்டர்கள் இயல்பாக இருக்க ஒயில் மட்டும் சூடானால், தேடலை ஒயிலின் பாதைக்குள் சுருக்கிக்கொள்ளலாம். லைகமிங்கின் சிலிண்டர் தலைக்கு எல்லை 260 பாகை. ஆனால் நெடுநாள் உழைக்க வேண்டும் என்றால் 205 க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. மருமகனின் நான்கு சிலிண்டர்களும் ஏறும்போதுகூட 200 ஐத் தாண்டவில்லை. எனவே ஒயிலின் பாதையைப் பார்க்கத் தொடங்கினோம்.

நான்காவது படி: வேர்னாதேர்ம்

இந்தச் சிறிய வால்வைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தவறாக விளங்கிவைத்திருக்கிறார்கள். இது கூலருக்குப் போகும் கதவைத் திறப்பதில்லை; கூலரைத் தவிர்த்துப் போகும் குறுக்குவழியை மூடுகிறது. ஒயில் குளிராக இருக்கும்போது குறுக்குவழி திறந்திருப்பதால், ஒயிலின் பெரும்பகுதி கூலருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்புகிறது. சூடு ஏறும்போது வால்வுக்குள் இருக்கும் மெழுகு போன்ற பொருள் விரிந்து தண்டைத் தள்ள, அதன் கூம்பு முனை, இருக்கை எனப்படும் வட்ட விளிம்பில் போய் அமர்ந்து குறுக்குவழியை அடைக்கிறது. சுமார் 85 பாகையில் அந்த அடைப்பு முழுமையாக வேண்டும். அடைப்பு முழுமையாகாவிட்டால், எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் ஒயிலில் ஒரு பங்கு அதைப் பார்க்காமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதே சட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை அருகில் தொங்கவிட்டு, வேர்னாதேர்மை அமிழ்த்தி அடுப்பை மெதுவாக எரியவிட்டோம். 65 பாகையைத் தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி மெல்ல வெளியே வந்தது. 85 இல் நின்றுவிட்டது. குளிரில் அளந்த நீளத்தையும் சூட்டில் அளந்த நீளத்தையும் வேர்னியர் இடுக்கியால் எடுத்து, கைநூல் கேட்கும் நீட்சியோடு ஒப்பிட்டோம். குறை இல்லை. நீளாத வால்வென்றால் அந்த இடத்திலேயே தேடல் முடிந்திருக்கும். அப்படி வந்தால் திருத்த முயலாமல் புதியதை வாங்குங்கள்.

ஆனால் கூம்பின் முகத்தைச் சாளர வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, இருக்கையோடு உரசிய பளபளப்பு முழு வட்டமாக இல்லை. பிறை நிலவு போல ஒரு பக்கத்தில் மட்டும் கோடு இருந்தது. மருமகன் கைப்பேசியில் எடுத்துவந்த, எஞ்சினின் பின்பக்க உறையிலுள்ள இருக்கையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அங்கும் அதே அரை வட்டம். தண்டு நீள்கிறது, கூம்பு போய்த் தொடுகிறது, ஆனால் ஒரு பக்கம் எப்போதும் திறந்தே கிடக்கிறது. இதை உறுதி செய்யக் கூம்பின் முகத்தில் நீல மையை மெல்லிதாகப் பூசி இருக்கையில் அமர்த்தி எடுத்து, மை முழு வட்டமாகப் பதிகிறதா என்று பாருங்கள். அரைகுறையாகப் பதிந்தால், இருக்கையைச் சீர்செய்யும் கருவியுள்ள எஞ்சின் வேலைத்தலத்திடம் கொடுக்க வேண்டும். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உதிரும் துகள்கள் போய்ச் சேருவது எஞ்சினின் பெயாரிங்குகளுக்கு.

ஐந்தாவது படி: கூலருக்குள் என்ன நடக்கிறது?

கூலரின் நுழைவுக் குழாயிலும் வெளியேறும் குழாயிலும், உச்சச் சூட்டைக் குறித்துக்கொள்ளும் ஒட்டுப்பட்டிகளை ஒட்டி ஒரு சுற்றுப் பறந்து வாருங்கள். மலிவான வேலை, மிகத் தெளிவான பதில். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஏறத்தாழ ஒரே சூடென்றால், ஒயில் தாராளமாக ஓடுகிறது, சூட்டைப் பிடுங்கக் காற்று இல்லை. வெளியே வருவது மிகவும் குளிர்ந்திருந்தும் முள் இறங்கவில்லை என்றால், காற்றுப் போதுமானது, கூலருக்கூடாக ஓடும் ஒயில்தான் குறைவு. வேர்னாதேர்மின் இருக்கையோ, உள்ளே படிந்த கசடோ காரணமாகும். இரண்டு குழாய்களுமே சூடாகவில்லை என்றால் ஒயில் அங்கே போகவே இல்லை.

குழாய் இணைப்புகள் கீழே பார்த்தபடி கூலரைப் பொருத்தினால், மேற்பகுதியில் காற்று சிக்கி அந்தப் பங்கு வேலை செய்யாமல் போகலாம். இணைப்புகளை மேலேயோ பக்கத்திலோ வைப்பதே முறை. ஒயில் குழாய் புகைக்குழாய்க்கு நெருக்கமாக ஓடினால் இடையில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். பெயாரிங் அழிந்த எஞ்சினிலிருந்து கழற்றிய பழைய கூலரை எவர் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்; அதன் மடிப்புகளில் தங்கிய உலோகத்தூளை முழுதாகக் கழுவி எடுக்க முடியாது.

கூலரின் வெளிப்புறத்தில் சிறகுகள் போல இருக்கும் மெல்லிய தகடுகளின் துப்புரவைப் பற்றி அம்பாறை வயல்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நெல் வெட்டும் மெசின் ஓட்டுபவர் ரேடியேற்றரில் அப்பிய சப்பியையும் தூசியையும் ஒரு நாளைக்குப் பல தடவை ஊதி எடுப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். விமானத்தில் அது பூச்சியும் புல்விதையும். காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து, மென்மையான அமுக்கத்தில் ஊதுங்கள்.

ஆறாவது படி: காற்று எங்கே போகிறது?

நான் கண்ட விமானங்களில் பாதிக்கு மேல் குறை இங்கேதான் இருந்தது. காற்று கூலருக்கூடாகப் போக வேண்டுமானால் முன்பக்கத்தில் அமுக்கம் கூடியும் பின்பக்கத்தில் குறைந்தும் இருக்க வேண்டும். முன்பக்க அமுக்கத்தைத் தருவது விமானத்தின் வேகம். கடல் மட்டத்து நியமக் காற்றில் 100 நொட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீற்றர்) வேகத்தில் முழுமையாகக் கிடைக்கக்கூடிய அமுக்கம் 165 மில்லிமீற்றர் நீர் உயரத்துக்குச் சமம். 70 நொட்டில் அது 81 மில்லிமீற்றர்தான். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைய, அமுக்கம் பாதியாகிவிடுகிறது. முழு வலுவில் எஞ்சின் உழைக்கும் ஏற்றத்தில், காற்றுத் தரும் உதவி பாதி. ஏறும்போது மட்டும் சூடாகும் விமானத்துக்கு முதல் மருந்து, ஏறும் வேகத்தைப் பத்து நொட் கூட்டிப் பார்ப்பது. செலவில்லாத மருந்து இது.

இந்த அமுக்கத்தில் எவ்வளவு உண்மையில் கூலருக்கு வருகிறது என்பதை அளக்க, மேசன்மார் சுவருக்கு மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் நீர்க்குழாய் போதும். அதை ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, நடுவே அளவுகோல் ஒட்டி, பாதிவரை நிறம் கலந்த நீரை ஊற்றுங்கள். ஒரு முனையைக் கூலரின் முன்பக்கத்துக்கும் மறு முனையைப் பின்பக்கத்துக்கும் மெல்லிய குழாயால் கொண்டுபோங்கள். காற்று நேராக அடித்து அளவைக் கெடுக்காதபடி, முனையை அடைத்துப் பக்கவாட்டில் சிறு துளைகள் இடுங்கள். இரண்டு நீர்மட்டங்களின் உயர வித்தியாசமே கூலருக்குக் கிடைக்கும் அமுக்கம். பறப்பவர் இதை வாசிக்கக் கூடாது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் வாசித்து எழுத வேண்டும்.

அமுக்கம் குறைவாக வந்தால் ஓட்டைகளைத் தேடுங்கள். சிலிண்டர்களைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் பஃபிள் தகடுகளுக்கும் எஞ்சின் உறைக்கும் இடையே உள்ள ரப்பர் பட்டி, காற்று வரும் பக்கம் நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அமுக்கமே அதை உறையோடு சேர்த்து அழுத்தும். பின்பக்கம் மடங்கிக் கிடந்தால் அது திறந்த கதவு. இரவில் உறைக்குள் ஒரு மின்குமிழை எரியவிட்டு, காற்று வரும் துவாரங்களுக்கூடாகப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். கூலருக்கும் அதன் சட்டத்துக்கும் இடையிலான விரல் அளவு இடைவெளியை மறந்துவிடாதீர்கள். கூலரின் தகட்டுச் சிறகுகளுக்கூடாக நெருக்கிப் புகுவதைவிட அந்த இடைவெளியால் நழுவிப்போவது காற்றுக்கு எளிது. சூடு தாங்கும் சிலிக்கன் பசையால் அதை அடையுங்கள்.

கூலருக்குக் குழாய் மூலம் காற்றைக் கொண்டுபோனால், 3 அங்குலக் குழாய்க்கும் 4 அங்குலக் குழாய்க்கும் பரப்பில் 9 க்கு 16 என்ற வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். குழாயின் வாய் சட்டென்று கூலரின் நடுவில் முடிந்தால் நடுப்பகுதி மட்டுமே குளிரும். காற்று வேகம் தணிந்து முகம் முழுவதும் பரவும்படி, படிப்படியாக விரியும் ஒரு பெட்டி தேவை.

வெளியேற்றத்தைப் பெரும்பாலானோர் கடைசியாகவே நினைக்கிறார்கள். கூலரின் முதுகு, எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவரை ஒட்டி இருந்தால், வந்த காற்றுக்குப் போக வழி இல்லை. எஞ்சின் உறையின் அடியிலுள்ள வெளியேறும் வாய் ஒடுங்கியிருந்தால், உறைக்குள் கீழ்ப்பக்க அமுக்கமும் ஏறிவிடும்; முன்பக்கத் துவாரத்தை எவ்வளவு பெருப்பித்தாலும் பயன் இராது. வெளியேறும் வாயின் முன்விளிம்பில் கீழ்நோக்கிச் சாய்ந்த சிறிய தகட்டு உதடு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திப் பாருங்கள். அது தன் பின்னால் அமுக்கத்தைக் குறைத்துக் காற்றை வெளியே இழுக்கும். சூடு இறங்கினால் குறை வெளியேற்றத்தில் என்று தெரிந்துவிடும்.

ஏழாவது படி: எஞ்சினே சூட்டை உண்டாக்குகிறதா?

ஒயிலின் பாதையிலும் காற்றிலும் ஒன்றும் அகப்படவில்லை என்றால் எஞ்சினுக்குள் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பீஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அமுக்கத்தில் காற்றைக் கொடுத்து அமுக்கக் கசிவைச் சோதியுங்கள். புரொபெல்லரை ஒருவர் உறுதியாகப் பிடித்திருக்காமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது. ஒயில் ஊற்றும் வாயில் காற்றுச் சீறும் ஒலி கேட்டால் பிஸ்ரன் வளையங்கள் கசிகின்றன. எரிந்த சூடான வாயு நேராக ஒயிலுக்குள் இறங்குகிறது. ஒயில் செலவும் கூடியிருக்கும். பில்ரரை வெட்டி, தாளை விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பெயாரிங்கிலிருந்து உதிர்ந்த உலோகத்தூளின் மினுக்கம் தென்பட்டால் அதற்கு மேல் ஒரு தடவையும் பறக்க வேண்டாம். புதிதாகப் பிரித்துக் கட்டிய எஞ்சின் முதற் சில மணிநேரங்கள் சற்றுச் சூடாகவே ஓடும். வளையங்கள் படியும்வரை பொறுத்துப் பாருங்கள்.

ஒயிலின் தடிப்புத் தரத்தை ஒரு வரியில் சொல்லலாம். லைகமிங்கின் அறிவுறுத்தல்படி, வெளிக்காற்று 27 பாகைக்கு மேல் இருக்கும் இடங்களில் எஸ்ஏஈ 60 தர ஒயிலையோ, 15டபிள்யூ-50 போன்ற பல்தர ஒயிலையோ ஊற்ற வேண்டும். எங்கள் கரையில் அது ஆண்டின் பெரும்பகுதி. கார் ஒயில் வேண்டாம்.

மருமகன் திரும்பிப் போய்ச் செய்தவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், ஒன்றைச் செய்து பறந்து எழுதிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஏர்த் வயரைச் சுத்தம் செய்ததும் அந்த 84 என்ற வித்தியாசம் 78 ஆனது. வேர்னாதேர்மின் இருக்கையை ஒரு வேலைத்தலத்தில் சீர்செய்த பின் 71 ஆனது. பிறகு நீர்க்குழாயைக் கட்டிப் பார்த்தபோது, 80 நொட் ஏற்றத்தில் 106 மில்லிமீற்றர் கிடைக்கக்கூடிய இடத்தில் கூலருக்கு 50 மட்டுமே வந்துகொண்டிருந்தது. கூலரின் சட்டத்தைச் சுற்றி இருந்த இடைவெளியை அடைத்து, பின்பக்கம் மடங்கியிருந்த இரண்டு ரப்பர் பட்டிகளை மாற்றியதும் அது 85 க்கு ஏறியது. வித்தியாசம் 62 க்கு இறங்கியது.

தை மாதத்து 34 பாகை வெயிலில் அவருடைய ஒயில் இப்போது 96 இல் நிற்கிறது. மலைப்பக்கமாகப் பறந்த ஒரு 10 பாகைக் காலையில் அது 72 க்கு விழாமல் 83 இல் நின்றதாக எழுதியிருந்தார். அந்த இரண்டாவது எண்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது. வேர்னாதேர்ம் மறுபடியும் தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. கூலருக்குக் கட்ட இருந்த பணம் இன்னும் அவரிடமே இருக்கிறது. வெளியேறும் வாயில் உதடு பொருத்துவதைத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். அடுத்த 50 மணிநேர ஒயில் மாற்றத்தின்போது பில்ரரை வெட்டித் தாளின் படத்தை எனக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.